நெல் வயலில் நீர்வண்டு எண்ணுவது எப்படி?

எங்கள் வயல் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம். கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை) வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு முடிந்ததும் நீர்வண்டுகள் பறந்து வந்துவிடும். எப்போது கூடுகின்றன, எப்போது குறைகின்றன என்று ஒரு போகம் முழுக்க எண்ணினேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

முதலில் ஐந்து இடங்களில் குச்சி நடுங்கள். மடை வாயருகே இரண்டு, நடுவயலில் இரண்டு, தண்ணீர் வடியும் மூலையில் ஒன்று. வாராவாரம் அதே இடம், அதே நேரம்.

வலை வாங்க வேண்டாம், அது பயிரில் சிக்கும். நீளக் கைப்பிடி வைத்த வடிகட்டிதான் என் தேர்வு. சேற்றைத் தொட்டும் தொடாமலும் ஒரு முழம் இழுத்து, தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் கவிழுங்கள். இடத்துக்கு ஐந்து இழுப்பு.

அப்புறம் கொஞ்சம் பொறுமையாகத் தட்டைப் பாருங்கள். மூச்சு வாங்கப் பின்நுனியை மேலே நீட்டினால் அது வேட்டை வண்டு, டைட்டிசிடே குடும்பம். பின்கால் இரண்டையும் துடுப்பு போல ஒன்றாக அடிக்கும். தலையை மேலே கொண்டுவந்தால் அது ஹைட்ரோபிலிடே என்ற இன்னொரு நீர்வண்டுக் குடும்பம். கால்களை மாற்றி மாற்றி அடிக்கும். வயிற்றடியில் காற்றுப் படலம் வெள்ளித் தகடாக மின்னும். வண்டுகளின் இளம்பருவமான புழுக்களைத் தனியாக எண்ணுங்கள். வேட்டை வண்டின் புழுவுக்கு அரிவாள் போன்ற தாடை. கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும்.

நான் ஏமாந்தது ஆறாம் வாரத்தில். எண்ணிக்கை இரண்டு மடங்கு! பெருகிவிட்டன என்று சந்தோஷமாக நோட்டில் எழுதிவிட்டேன். மறுநாள்தான் உறைத்தது: வாய்க்காலில் தண்ணீர் விடும் முறை நின்றுபோய், நாலு விரல் தண்ணீர் ஒரு விரலாகியிருந்தது. வண்டு கூடவில்லை. இருந்தவை நெருங்கிவிட்டன, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தையே அடித்துவிட்டேன். அதனால் ஒவ்வொரு குச்சியிலும் விரல் அளவுக்குக் கோடு போட்டு, எண்ணும்போதே ஆழத்தையும் எழுதுங்கள். ஆழம் ஏறக்குறைய ஒன்றாக உள்ள வாரங்களை மட்டும் ஒப்பிடுங்கள். வயல் காய்ந்திருந்தால் சுழியம் போடாமல் 'காய்ச்சல்' என்று எழுதுங்கள். மருந்து அடித்த தேதியும் அவசியம்.

என் நோட்டில் முதலில் வளர்ந்த வண்டுகள், சில வாரம் கழித்துப் புழுக்கள். அறுவடைக்குத் தண்ணீர் வடித்ததும் இரண்டுமே இல்லை.

பின்சேர்க்கை: தெருவிளக்கடியில் விழுவதை எண்ணலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எண்ணலாம், ஆனால் அது பறப்பவற்றின் கணக்கு. வேறு பக்கத்தில் எழுதுங்கள். பளபளக்கும் கறுப்புப் பிளாஸ்டிக்கையும் தண்ணீர் என்று நினைத்து இறங்கும். தக்காளித் தோட்டத்து மல்ச்சிங் ஷீட்டில் கிடந்தால் எடுத்து வாய்க்காலில் விட்டுவிடுங்கள்.