ஊரில் போர்வீரருக்கு நினைவுச்சின்னமா? கல் வெட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வரப்போரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகல், அதாவது சண்டையில் இறந்த வீரனுக்கு அந்தக் காலத்தில் நட்ட கல், பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. பல ஊர்களில் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். அப்படிப்பட்ட மண்ணில், ராணுவத்தில் உயிர்விட்ட ஒருவருக்கு இன்று நினைவுச்சின்னம் வைப்பதென்றால் என்ன செய்கிறோம்? டைல்ஸ் ஒட்டிய மேடை, ஸ்டீல் கம்பி வேலி, மார்பளவுச் சிலை, கீழே 'நாட்டுக்காக வீரமரணம் அடைந்தார்' என்று ஒரு வரி. அவர் எங்கே நின்றார், என்ன செய்தார் என்பது மட்டும் அதில் இருக்காது. முதல் தவறு இதுதான். பெரிய தவறும் இதுதான்.

பக்கத்து மாவட்டத்தில், செங்கம் அருகே எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனின் கல் அது. அவனுடைய நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்பதும் அதே கல்லில் இருக்கின்றன. இருப்பதோ சில வரிதான். 1,400 ஆண்டு கழித்துப் படிக்கிறவனுக்கும் நடந்தது புரிகிறது. நாய்க்கே அவ்வளவு விவரம் கொடுத்தார்கள் என்றால், கார்கிலில் நின்றவருக்கு நாம் ஒரு பொதுவரியோடு முடித்துக்கொள்ளலாமா?

எனவே சிற்பியைத் தேடும் முன் விவரத்தைச் சேகரியுங்கள். எந்தப் படைப்பிரிவு, எந்த இடம், என்ன தேதி, அன்று அவர் செய்த வேலை என்ன? வீட்டாரிடம் இருக்கும் கடிதங்கள், கூட வேலை பார்த்தவர்கள், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என மூன்று பக்கமும் கேட்டு ஒத்துப்பாருங்கள். மிகைப்படுத்தவும் வேண்டாம். பனிச்சரிவில் இறந்தவரைத் துப்பாக்கிச் சண்டையில் இறந்ததாக எழுதினால் அவருக்குப் பெருமை கூடாது. பதக்கத்தையும் குத்துமதிப்பாக எழுதாதீர்கள். போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா இதுவரை 21 பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது. வீரதீர விருதுகள் அரசிதழில் வருகிறவை. சரிபார்க்க வழி இருக்கிறது.

பலர் சேர்ந்த சின்னம் என்றால் ஒருவர் பெயரும் விடுபடக் கூடாது. முதல் உலகப் போருக்குப் பிறகு நம் நாட்டு ஊர்கள் பலவற்றில் வெள்ளைக்காரர்கள் வைத்த கல்வெட்டுகளில், இங்கிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்ற கணக்கு மட்டும் இருக்கும். யார் வீட்டுப் பிள்ளைகள் என்று இன்று யாருக்கும் தெரியாது. 2019இல் திறந்த டெல்லி தேசியப் போர் நினைவகத்தில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்களைத் தனித்தனியாகக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அதை வடிவமைத்தவர் நம் சென்னைக் கட்டடக் கலைஞர்தான். பெயரின் அளவும் ஒரே மாதிரி இருக்கட்டும். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்ற பேதம் கிடையாது.

அப்புறம் திறப்புவிழாக் கல்வெட்டு. முன்னிலை, தலைமை, நன்கொடையாளர், ஒப்பந்ததாரர் என்று நீண்டு, இறந்தவர் பெயரைத் தேட வேண்டியிருக்கும். நடுகல்லிலும் அரசன் பெயர்தான் முதலில் வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது காலம் குறிக்க. கல்லின் நடுவில் வில்லோடு நிற்பவன் வீரன்தான். திறந்தவர்கள் பெயரைப் பின்பக்கம் போடுங்கள். யாரும் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சிலை வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வைத்து அவசரமாக வார்த்த முகம் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாமல் போகும். சீருடையிலும் தவறு வரும்: மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் தொப்பியில் வேறு பிரிவின் சின்னம், வலது மார்பில் பதக்கம். அந்தப் பணத்துக்கு நடுகல் மாதிரி ஒரே பலகைக்கல்லில், அவர் செய்ததைப் புடைப்பாகச் செதுக்கலாம்.

கல்லுக்கு நாம் எங்கேயும் போக வேண்டாம். கிருஷ்ணகிரி கிரானைட் ஊர் ஊராகப் போகிறது. சிக்கல் எழுத்தில் வருகிறது. பாலிஷ் போட்ட கறுப்புக் கல்லில் லேசரில் மேலோட்டமாகச் சுரண்டிய எழுத்து முதல் நாள் பளிச்சென்று இருக்கும். தூசியும் கைபட்ட எண்ணெயும் ஏறியதும் மங்கிவிடும். தங்க நிற பெயின்ட் மழையிலும் வெயிலிலும் உரிந்துவிடும். பெயின்ட் போனாலும் விரலால் தடவிப் படிக்கிற அளவு ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். மேற்கே பார்த்து வைத்தால் சித்திரை மாலையில் கல்லில் வெயிலும் உங்கள் முகமும்தான் தெரியும், பெயர் தெரியாது.

இடம்: நாற்சந்தி நடுவில் வேண்டவே வேண்டாம். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டிருக்கிறது. அது போக, லாரிகளுக்கு நடுவே அவருடைய அம்மா எப்படிப் போய்ப் பூ வைப்பார்? பள்ளிக்கூடத்தை ஒட்டிய இடம் நல்லது. படிக்கட்டோடு சாய்தளமும் வேண்டும், உட்கார ஒரு திண்ணை வேண்டும். நிழலுக்குப் புங்கன் வைக்கலாம், ஆனால் வேர் மேடையைத் தூக்காத தூரத்தில்.

அழகுக்காகப் பழைய நடுகல்லைப் பெயர்த்து வந்து மேடையில் சிமென்ட் வைத்துப் பதிக்கிறவர்களும் உண்டு. அதைச் செய்யாதீர்கள். எண்ணெய் பெயின்டும் அடிக்காதீர்கள், எழுத்து அடைபட்டுவிடும். புதிதாக ஒரு நடுகல் கண்ணில் பட்டால் தொல்லியல் துறைக்கோ மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்கள்.

வெட்டும் முன், முழு வாசகத்தையும் அதே அளவில் காகிதத்தில் அச்சடித்து, சின்னம் வரும் இடத்திலேயே ஒரு வாரம் ஒட்டிவையுங்கள். குடும்பத்தார், தமிழாசிரியர், முன்னாள் ராணுவத்தினர் எல்லோரும் படிக்கட்டும். இனிஷியல், ஊர்ப்பெயர், சந்திப்பிழை எல்லாம் அங்கே பிடிபட்டுவிடும். பராமரிப்பு யார் பொறுப்பு, செலவு எந்தக் கணக்கில் என்பதையும் ஊராட்சித் தீர்மானத்தில் அப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். திறப்புவிழா முடிந்த பிறகு கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.