தட்டைப் பிரித்தோம், ஊக்கை விட்டுவிட்டோம்: வாழ்க்கைத்துணைக்கு ஹெபடைடிஸ் சி என்றால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 மாங்காய் சீசனில் என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முன் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில், ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் சி 'ரியாக்டிவ்' என்று வந்தது. அவளுக்குக் கண் மஞ்சளாகவில்லை, வயிறு வலிக்கவில்லை, பசியும் குறையவில்லை. ஆனால் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் சீட்டை நீட்டியவர் இரண்டு விரல் நுனியில் பிடித்து நீட்டினார். எங்கள் பயம் அங்கேயே தொடங்கிவிட்டது.

தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் ஊரான பாலக்கோடு திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேரும் பேசவில்லை. அதன்பின் ஒரு மாதம் நான் செய்த காரியங்களில் பாதி, அவளுக்கு நல்லது என்று நினைத்துச் செய்த கெடுதல். இந்த நோயில் கணவனோ மனைவியோ செய்ய வேண்டிய வேலை உண்மையில் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை விட்டுவிட்டு, வேண்டாததை எல்லாம் மெனக்கெட்டுச் செய்தேன்.

முதல் சீட்டோடு முடிவு கட்டுவது

'ரியாக்டிவ்' என்று வரும் அந்த முதல் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை. வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைத்தான் தேடுகிறது. நம் பக்கம் சொல்வதானால், கடலைக்காட்டில் பன்றியின் கால்தடம் கிடக்கிறது. பன்றி இன்னும் உள்ளே நிற்கிறதா, வந்து போய்விட்டதா என்பது வேறு கேள்வி. நூறு பேருக்கு இந்தத் தொற்று வந்தால் 15 முதல் 45 பேருக்கு மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் அதுவாகப் போய்விடும். தடம் மட்டும் ஆயுசுக்கும் இருக்கும். பன்றி உள்ளே இருக்கிறதா என்று சொல்வது ஆர்.என்.ஏ. பரிசோதனை. லேபில் 'வைரல் லோடு' என்பார்கள்.

நான் என்ன செய்தேன்? முதல் லேப் மேல் நம்பிக்கை இல்லாமல் ஓசூரில் ஒரு லேப், பெங்களூரில் ஒரு லேப் என்று அதே முதல் பரிசோதனையை மூன்று தடவை எடுத்தேன். மூன்றிலும் ரியாக்டிவ். கால்தடத்தை மூன்று தடவை போட்டோ எடுத்ததுபோல ஆயிற்று. முதல் நாளே டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் மூன்று: வைரல் லோடு எடுக்க வேண்டுமா, ஹெபடைடிஸ் பி-யும் இருக்கிறதா, ஈரல் எந்த நிலையில் இருக்கிறது? இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஈரலைத் தாக்கும் இன்னொரு வைரஸான பி உடம்பில் இருப்பது தெரியாமல் சி-க்கு மருந்து கொடுத்தால், அடங்கிக் கிடந்த பி தலைதூக்கி ஈரலைப் பாதிக்கக்கூடும்.

"எப்படி வந்துச்சு உனக்கு?"

இதைக் கேட்காதவர் யாரும் இருக்க மாட்டார். நானும் கேட்டேன். ஒரு தடவை இல்லை, சாப்பிடும்போது, படுக்கும்போது, வண்டியில் போகும்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அவள் திருப்பிக் கேட்டாள்: "பெரியவளப் பெத்தப்ப ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்களே, அப்ப அது யாரு ரத்தம்னு நீங்க கேட்டீங்களா?"

பெரியவள் பிறந்தது 1997-இல். தானமாகப் பெறும் ரத்தத்தை ஹெபடைடிஸ் சி-க்குப் பரிசோதிப்பது இந்தியாவில் கட்டாயமானது 2001-இல்தான். இந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989-இல். அதற்கு முன் 'ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை' என்பதுதான் இந்த நோய்க்கு மருத்துவ உலகம் வைத்திருந்த பெயர். (கண்டுபிடிப்புக்காக மூன்று பேருக்கு 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது.) ரத்தம் ஏற்றியதில் வந்திருக்கலாம். காய்ச்சல் என்று போனால் ஊசி போடாமல் அனுப்பாத அந்தக் காலத்து ஊசி டாக்டர்களிடம் வந்திருக்கலாம். ஒரே ஊசியைக் கொதிநீரில் முக்கி முக்கி எத்தனை பேருக்குப் போட்டார்களோ. பச்சை குத்தியதில், காது மூக்குக் குத்தியதில் வந்திருக்கலாம். எங்களுக்கு இன்றுவரை தெரியாது. எப்படி வந்திருந்தாலும் மருந்து ஒன்றுதான். டாக்டர் கேட்பது மருத்துவத்துக்கு. நாம் கேட்டால் அது விசாரணை. கேட்பவர் குரலில் சந்தேகம் இல்லாவிட்டாலும் கேட்கப்படுபவர் காதில் அது சந்தேகமாகத்தான் விழும்.

தட்டும் பாயும் ஊக்கும்

அம்மாதான் தட்டைப் பிரித்தார். எவர்சில்வர் தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, அடியில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி. நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அதோடு விடவில்லை. பாயை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்ப் படுத்தேன். "உள்ளே புழுக்கமா இருக்கு" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மழை பெய்த ராத்திரியும் நான் திண்ணையில்தான் படுத்தேன்.

இந்த வைரஸ் ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் பரவும். ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. எச்சில் டம்ளரில் குடித்தால், கட்டிப்பிடித்தால், முத்தம் கொடுத்தால், தும்மினால், ஒரே கக்கூஸைப் பயன்படுத்தினால் பரவாது. அவள் களி கிண்டிப் போட்டால் பரவாது. தாம்பத்தியத்தில்? எல்லாருக்கும் மனசில் இருக்கும் கேள்வி, யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஒருவருக்கொருவர் மட்டுமே என்று வாழும் தம்பதிகளிடையே அப்படிப் பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ரத்தப்போக்கு, புண் இருக்கும் நாட்களில் கவனம் போதும். நான் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டது ஐந்து வாரம் கழித்து. அந்த ஐந்து வாரத் திண்ணையை எந்த டாக்டராலும் சரிசெய்ய முடியாது.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். தட்டைப் பிரித்த அதே வீட்டில், அவள் தாலிச் சரட்டில் மாட்டியிருக்கும் ஊக்கு எப்போதும்போல ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. தக்காளித் தோட்டத்தில் வேலை செய்யும் வீடு. யார் காலில் முள் தைத்தாலும் அவளிடம் ஓடுவோம். அவள் ஊக்கைக் கழற்றி, நெருப்பில் காட்டினாலும் காட்டுவாள், காட்டாவிட்டாலும் இல்லை, குத்தி முள்ளை எடுத்துவிட்டு முந்தானையில் துடைத்து மறுபடி சரட்டில் மாட்டிக்கொள்வாள். அவள் காலில் தைத்தாலும் அதே ஊக்குதான். கவனிக்க வேண்டிய சாமான்கள் இந்த மாதிரிதான்: ஊக்கு, நகவெட்டி, பிளேடு, ஷேவிங் ரேசர், பல் துலக்கும் பிரஷ், சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க விரலில் குத்தும் ஊசி. இவை ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். ரத்தம் சிந்தினால் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் துடைக்க வேண்டும். அவ்வளவுதான். புள்ளி வைத்த தட்டு எதையும் காப்பாற்றவில்லை.

வீட்டில் மற்றவர்கள் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்வது நல்லது. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவது நூறில் ஐந்து பேர் அளவுக்குத்தான். எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் எனக்கும் இல்லை என்று வந்தது. இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. பி-க்கு உண்டு, அதை வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்.

ஊருக்குச் சொல்வது

நான் என் தங்கையிடம் மட்டும்தான் சொன்னேன். "யார்கிட்டயும் சொல்லாதே" என்றும் சொன்னேன். அடுத்த வாரச் சந்தைக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அதுவும் ஹெபடைடிஸ் என்று இல்லை, "அந்த நோயாம்" என்று. பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை நோய் வந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவள் உடம்புச் சேதியை அவளைக் கேட்காமல் நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். பாரத்தை இறக்கிவைக்க எனக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது உண்மைதான். இப்போதானால் டாக்டரிடம் இறக்கிவைத்திருப்பேன்.

பெங்களூருக்கு ஓடுவது

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கும் ஒரு பழக்கம்: பெரிய வியாதி என்றால் சேலம், அதைவிடப் பெரியது என்றால் பெங்களூர். நானும் நகையை வைத்துப் பணத்தோடு போனேன். ஹெபடைடிஸ் பரிசோதனைக்கும் மருந்துக்கும் மத்திய அரசின் இலவசத் திட்டம் 2018 ஜூலை 28-ஆம் தேதியிலிருந்து இருக்கிறது: தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம். அது எனக்கு நகை போன பிறகுதான் தெரிந்தது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கே பொது மருத்துவப் பிரிவில் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மருந்து எங்கே கிடைக்கும், எந்தப் பரிசோதனைக்கு எங்கே அனுப்புவார்கள் என்று சொல்வார்கள். 2013 இறுதியில் இந்த வைரஸை ஒழிக்கும் சோஃபோஸ்புவிர் மாத்திரை அமெரிக்காவில் வந்தபோது பன்னிரண்டு வார மருந்தின் விலை 84,000 டாலர். அந்த மருந்துதான் இங்கே அரசாங்கம் சும்மா கொடுக்கிறது. வரிசையில் நிற்க அலுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. ஹெபடைடிஸ் சி இருக்கிறது என்பதற்காக அவசியமான ஆபரேஷனை யாரும் மறுக்க வேண்டியதில்லை. எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். வேறு இடத்தில் செய்தார்கள்.

கீழாநெல்லியும் பத்தியமும்

'ஈரல் வியாதி' என்றதும் அம்மா கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். உப்பில்லை, எண்ணெய் இல்லை, முட்டை இல்லை, கறி இல்லை. அவள் பத்து நாளில் துவண்டுவிட்டாள், நோயால் இல்லை, பத்தியத்தால். காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் ஊர் நம்பிக்கை. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் இந்த வைரஸை அது ஒழிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பெயர் தெரியாத சூரணம், லேகியம் சிலவற்றால் ஈரல் கெட்டவர்களும் உண்டு. ஈரல் சுருக்கம் (நாள்பட்ட நோயால் ஈரல் தழும்பேறி இறுகிப்போவது) இல்லாதவருக்கு வழக்கமான சாப்பாடே போதும். சுருக்கம் இருந்தால் பட்டினி போடுவது இன்னும் கெடுதல். பருப்பு, முட்டை போன்ற சத்து அவர்களுக்கு அவசியம். உப்பைக் குறைப்பது வயிற்றிலோ காலிலோ நீர் கோத்தவர்களுக்கு டாக்டர் சொல்வது.

சாராயம் மட்டும் வேறு விஷயம். அது ஈரலுக்கு வைரஸின் கூட்டாளி. உங்கள் வீட்டில் நோய் கணவருக்கு என்றால் இதுதான் பெரிய தலைவலியாக இருக்கும். ஆனால் "குடிச்சா மருந்து தர மாட்டாங்க" என்று பயந்து டாக்டரிடம் மறைக்காதீர்கள். குடிப்பவருக்கும் மருந்து உண்டு. குடியை விடவும் அங்கேயே உதவி கேட்கலாம்.

84 நாள்

முன்பு இதற்கு இன்டர்ஃபெரான் என்ற ஊசி போட்டார்கள். வாரக்கணக்கில் காய்ச்சல், முடி கொட்டுவது, மனச்சோர்வு. அந்தக் காலத்துக் கதைகளை யூடியூபில் பார்த்து அவளையும் பார்க்கவைத்து அழவைத்தேன். இப்போது இருப்பது மாத்திரை. பெரும்பாலானவர்களுக்கு சோஃபோஸ்புவிரும் டக்ளாடஸ்விரும் சேர்த்து 12 வாரம். ஈரல் சுருக்கம் இருந்தால் டக்ளாடஸ்விருக்குப் பதில் வெல்படஸ்விர், சிலருக்கு இன்னும் நீளும். நூறில் 95 பேருக்கு மேல் குணமாகிறது. கொஞ்சம் தலைவலி, அசதி இருக்கலாம். அவளுக்கு முதல் வாரம் தலைவலி இருந்தது, அப்புறம் இல்லை.

நான் தினமும் மூன்று தடவை "போட்டியா?" என்று கேட்டேன். "நான் என்ன பால்வாடிப் பிள்ளையா?" என்றாள். அப்புறம் அவளே ஒரு வழி செய்தாள்: மாத்திரையைப் போட்ட பிறகுதான் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழிப்பது. நான் காலண்டரைப் பார்த்தால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு நாள் தாள் கிழியாமல் இருந்தது. சாயங்காலம் பார்த்துச் சொன்னேன், போட்டாள். நினைவு வந்தால் அன்றைக்குள் போடலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. உடம்பு நன்றாக இருக்கிறது என்று நடுவில் நிறுத்தவும் கூடாது.

வேறு மாத்திரைகளை மறைப்பது பெரிய தவறு. நம் மாவட்டத்தில் ஃபுளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு மூட்டுவலி சகஜம். மெடிக்கலில் இரண்டு வேளைக்கு வலி மாத்திரை, கூடவே ஒரு காஸ் மாத்திரை வாங்கிப் போடுவதை யாரும் 'மருந்து' என்றே கணக்கில் சேர்ப்பதில்லை. காஸ் மாத்திரைகள் வெல்படஸ்விர் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். வலிப்புக்கான சில மாத்திரைகளும், காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் இந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும். இதயத் துடிப்புக்கான அமியோடரோனோடு சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டர் மேசையில் கொட்டுங்கள். கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருந்தால் மருந்து தொடங்கும் முன்பே சொல்லுங்கள். சிலருக்குக் கூடவே கொடுக்கும் ரிபாவிரின் என்ற மருந்தைச் சேர்த்தால், சாப்பிடுவது கணவரானாலும் கர்ப்பம் கூடாது.

கடைசிப் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பது

மருந்து முடிந்ததும் 'முடிந்தது' என்று எல்லாரும் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். குணமா இல்லையா என்று தெரிவது மருந்து முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் வைரல் லோடில். எங்களுக்கு அது தக்காளி நாற்று நடும் நேரத்தில் விழுந்தது. நான் தள்ளிப்போடலாம் என்றேன், அவள் தனியாகவே பஸ் ஏறிப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். 'கண்டறியப்படவில்லை' என்று ரிப்போர்ட் வந்தது.

அந்த ரிப்போர்ட்டை ரேஷன் கார்டுபோலப் பத்திரமாக வையுங்கள். இனி எந்த லேபில் முதல் பரிசோதனை எடுத்தாலும் 'ரியாக்டிவ்' என்றுதான் வரும், ஏனென்றால் கால்தடம் அழியாது. பல் டாக்டரிடம் போனபோது அப்படித்தான் கேள்வி வந்தது. அவள் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். ரத்ததானம் மட்டும் இனி செய்ய முடியாது. ஒருமுறை குணமானவருக்கு மறுபடி தொற்றாது என்றும் இல்லை. ஈரல் சுருக்கம் வந்திருந்தவர்கள் குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும், புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க. அவளுக்கு அந்த அளவுக்கு இல்லை.

புள்ளி வைத்த தட்டில் இப்போது கோழிக்குத் தண்ணீர் வைக்கிறோம். ஊக்கு ஒரு அட்டை வாங்கி வந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். என்னுடையதை வண்டிச் சாவியில் மாட்டியிருக்கிறேன்.