மாரியில் நெடுந்தீவுக்குப் போகிறவர்களுக்கு

ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவுக்குப் போக எண்ணியிருந்தால், தீவை விட்டுப் புறப்படும் நாளுக்கும் கொழும்பில் விமானம் ஏறும் நாளுக்கும் நடுவே ஒரு வாரமாவது விடுங்கள். புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஆனால் வாடைக்காற்று எழுந்துவிட்டால் அந்தக் கடல் யாருக்கும் வழிவிடாது. படகு ஓடாது என்று சொன்ன பிறகு இறங்குதுறையில் நின்று வாதாடாதீர்கள். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குப் போகக் காத்திருக்கும் ஊரவருக்கும் அதே கடல்தான்.

அதற்காகப் போகாமல் இருந்துவிட வேண்டாம். கோடையில் மட்டும் வந்து போகிறவர்கள் காண்பது, காய்ந்த வெளியில் மட்டக் குதிரைகள் தண்ணீருக்கு அலைவதைத்தான். மாரியில் பள்ளங்களில் நீர் தேங்கி, புல் தழைத்து, அவை வயிறார மேய்கின்றன. பவளப்பாறைக் கல்லான முருகைக்கல்லில் கட்டிய மதில்கள் மழையில் கறுத்து நிற்கின்றன. ஒல்லாந்தர் கோட்டையிலும் பருத்த அடிமரமுள்ள பெருக்க மரத்தடியிலும் கூட்டம் இல்லை. நான் சிறுவனாக நடந்த தீவு அந்த மாதங்களில்தான் எனக்குத் திரும்பக் கிடைக்கிறது.

1985 மே 15 அன்று நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் நினைவிடத்தில் சற்று நில்லுங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் உடன் வந்தால், அங்கேயே வைத்து நடந்ததைச் சொல்லுங்கள்.

இனிக் காணி விஷயம். உங்கள் தகப்பன் பெயரில் அங்கே காணி இருந்தால், வந்த அன்றே பேச்சு தொடங்கிவிடும். எனக்கு, தேநீர் குடித்து முடிப்பதற்குள் பெரியப்பாவின் மகன் காணியை இனாமாக எழுதிக் கொடுக்கும் ஒரு நன்கொடை உறுதியின் நகலை எடுத்து வைத்தார். காணி முழுவதும் அவர் பெயருக்கு. உறுதி எழுதும் நொத்தாரிசுடன் ஏற்கெனவே பேசியும் வைத்திருந்தார். அன்றிரவே காற்றுக் கிளம்பிப் படகு நின்றுவிட்டது. அதன் பிறகு வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் அதையே பேசினார்கள். மாமி அழுதார். வாசிகசாலைப் பக்கம் போனால் அங்கேயும் கேட்டார்கள். எழுந்து போகவும் வழியில்லை.

“கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போ, தம்பி. பிறகு நீ எப்போது வரப்போகிறாய்?” என்று அந்த அண்ணன் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. நல்ல தண்ணீர் அரிதான தீவில் எங்கள் கிணற்றை இறைத்துக் காப்பாற்றியவர் அவர். மதில் சரிந்தபோதெல்லாம் கல் அடுக்கியவரும் அவர். நான் தொலைபேசியில் படம் அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவன்.

இருந்தும் கையெழுத்து வைக்கவில்லை. தங்கைக்கும் அதில் பங்கு உண்டு. காணி உறுதி என்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிருக்க எழுதப்பட வேண்டும். வீட்டுத் திண்ணையில் வைத்து எந்தத் தாளிலும் ஒப்பமிடாதீர்கள். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமை இல்லாதவர்கள் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கலாம் என்று நம்பியிருக்கக் கூடாது. விற்கும் எண்ணம் இருந்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் முன்கொள்வனவு உரிமை இருப்பதையும் மறக்க வேண்டாம். தகப்பனின் மரணச் சான்றிதழையும் பழைய உறுதியின் பிரதியையும் கொண்டு போங்கள். உறுதியில் ஒரு பெயரும் கடவுச்சீட்டில் வேறு எழுத்துமாக இருந்தால் இரண்டும் ஒருவரே என்று சத்தியம் செய்து கொடுக்கும் சத்தியக்கடதாசி தேவைப்படும். அதைத் தீவுக்குக் கடல் கடக்கும் முன்பே, யாழ்ப்பாணத்தில் முடித்துவிடுங்கள்.

காத்தவருக்குக் கொடுக்க வேண்டியது உண்டு. அதைப் படகு ஓடாத நாளில், நெருக்குதலில் கொடுத்தால் இரண்டு பக்கமும் கசப்புத்தான் மிஞ்சும். தங்கையும் நானும் பேசி, வீடும் கிணறும் உள்ள துண்டை வைத்துக்கொண்டு மற்றதை அண்ணனுக்கு எழுதுவதென்று முடிவெடுத்திருக்கிறோம். கிணற்றில் அவருக்குத் தண்ணீர் உரிமையும் உறுதியிலேயே எழுதப்படும். கடல் அடங்கும் மாசியில் நில அளவையாளரை வரச் சொல்லியிருக்கிறோம். இருவரும் போகிறோம் என்று அண்ணனுக்கும் அறிவித்துவிட்டேன்.