முதல் ஊத் வாங்கும்போது

அத்தர் கடையில் விற்கும் வாசனை ஊத் அல்ல இது. அரபு நாடுகளிலும் துருக்கியிலும் மடியில் வைத்து வாசிக்கும், பேரிக்காயைப் பாதியாகப் பிளந்தது போன்ற தந்தி வாத்தியம். கெய்ரோவின் கான் எல் கலீலி மாதிரி சுற்றுலாச் சந்தைகளில் முத்துச்சிப்பி பதித்துப் பளபளவென்று தொங்கும். அவற்றில் பல சுவரில் மாட்டத்தான் லாயக்கு.

முதலில் பிருடைகளை, அதாவது தந்தியை முறுக்கும் ஆணிகளை, திருகிப் பாருங்கள். வழக்கமாக 11 தந்திகள்: ஐந்து ஜோடி, மந்தரத்துக்கு (தாழ்ந்த ஒலிக்கு) ஒரு ஒற்றை. பிருடை வழுக்கினால் சுருதி சேர்ப்பதிலேயே பொழுது போய்விடும். ஆனாலும் அது சரிசெய்யக்கூடிய குறைதான். கழுத்துக் கோணல் அப்படியல்ல. கழுத்து குடத்தோடு, அதாவது பேரிக்காய் போன்ற உடலோடு, சேரும் இடத்தில் தந்திக்கும் விரற்பலகைக்கும் இடைவெளி சுமார் 3 மி.மீ. இருந்தால் நல்லது. 5 மி.மீ. இருந்தால் கழுத்து முன்னால் இழுபட்டிருக்கலாம். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். தந்திகளைக் கட்டியிருக்கும் குதிரை மேல்பலகையில் ஒட்டியிருக்கும் இடத்தில் விரிசல், பிளவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் ஒலி. ஊத்தில் மெட்டுகள், அதாவது வீணையில் இருப்பது போன்ற குறுக்குக் கட்டைகள், கிடையாது. ஒவ்வொரு தந்தியிலும் விரலை மெதுவாக மேலேற்றி மீட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் கரகரத்தால் விரற்பலகை அங்கே சமமாக இல்லாமல் இருக்கலாம். கடைக்காரரையே வாசிக்கச் சொல்லிவிட்டு எதிரில் நின்று கேட்பதும் நல்லது; மடியில் கேட்கிற ஒலி வேறு.

அரபு ஊத்தில் தந்தியின் அதிரும் நீளம் 61 செ.மீ. அளவில் இருக்கும், ஒலி கனமானது. துருக்கி ஊத் சுமார் 58.5, ஒலி கூர்மை. கை சிறியதென்றால் துருக்கியே வசதி.