பிளவுபடும் கல்சுவரைக் கம்பியால் பிணைப்பது எப்படி

1993 செப்டம்பர் 30, விடியற்காலை 3.56 மணி. மகாராஷ்டிரத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில், பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கியவர்கள் மேல் வீடுகள் சரிந்தன. நிலநடுக்கத்தின் அளவு 6.2 தான், ஆனாலும் 7,500 பேருக்கு மேல் மாண்டார்கள். நடுக்கத்தின் மையமான கில்லாரி வட்டாரம் அதுவரை நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலத்தில் இருந்தது.

கொன்றது சுவர். இரண்டடிக்கு மேல் தடிமன் இருந்தும் அது ஒரே சுவர் அல்ல. உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை, நடுவில் சில்லுக்கல்லும் மண்ணும். இரண்டு வரிசையையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக்கல் இல்லை. குலுங்கியதும் நடுமண் கீழே இறங்கி, ஆப்பு வைத்ததுபோல் இருபுறமும் தள்ளும். சுவர் வயிறு தள்ளிப் பிளக்கும். மேலே கனத்த மண்கூரை.

இப்படிப்பட்ட வீட்டில் முதலில் கூரை மண்ணைக் குறையுங்கள். பிறகு தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். ஏற்கெனவே வயிறு தள்ளிய பகுதியைப் பிணைத்துப் பயனில்லை. கூரைக்கு முட்டுக் கொடுத்து, பிரித்துக் கட்டத்தான் வேண்டும்.

நேராக நிற்கும் சுவரில், நீளவாக்கிலும் உயரவாக்கிலும் கம்பி வைக்கச் சுமார் 1 மீட்டருக்கு ஓர் இடம் குறியுங்கள். அடுத்த வரிசையில் அரை மீட்டர் தள்ளிக் குறியுங்கள். கல்லைச் சுற்றியுள்ள மண்ணைச் சுரண்டி, சிறு கடப்பாரையால் மெல்ல நெம்பி, இரு கையாலும் பிடித்து உருவுங்கள். சுத்தியல் வேண்டவே வேண்டாம். ஓர் அடிக்கே பக்கத்துக் கற்களின் பிடி விட்டுவிடும். உள்ளே 75 மில்லிமீட்டர் துளை போதும், பெரிதாக்கினால் நடுமண் கொட்டும். மறுபக்கக் கல்லையும் அதேபோல் எடுங்கள். துளை நடுவில் ஒடுங்கி, இரு முகப்பிலும் அகன்றிருந்தால்தான் கான்கிரீட் இருபுறமும் கவ்விப் பிடிக்கும்.

துளையை நனையுங்கள், காய்ந்த மண் கான்கிரீட்டின் ஈரத்தைக் குடித்துவிடும். சிமெண்ட், மணல், பொடி ஜல்லி 1:2:4. பாதி நிரப்பி, இரு முனையும் கொக்கியாக வளைத்த 8 மில்லிமீட்டர் கம்பியை வைத்து, மீதியைக் குத்தி நிரப்புங்கள். கம்பி சுவரின் தடிமனைவிட 5 சென்டிமீட்டர் குறைவாக இருக்கட்டும். முனை வெளியே தெரிந்தால் துருப்பிடிக்கும். குறைந்தது 10 நாள் இருபுறமும் தண்ணீர் தெளியுங்கள்.

புதிதாகக் கட்டுவோருக்கு இத்தனை பாடு இல்லை. சுவர்த் தடிமனை 45 சென்டிமீட்டருக்குள் வைத்து, 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு வரிசை, 1.2 மீட்டருக்குள் ஒன்றாக, சுவரின் முழுத் தடிமனுக்கும் நீண்ட கல்லை வைக்கச் சொல்லிக் கொத்தனாரிடம் கேளுங்கள். பூசுவதற்கு முன் நீங்களே எண்ணிப் பாருங்கள்.