முப்பதாண்டுப் போரைப் பற்றி எழுத உட்காருமுன்

இந்த வருடமும் மாணவர்களின் முப்பதாண்டுப் போர் (1618–1648) கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவுகளின் பெயரால் ஜெர்மன் நிலங்களில் நடந்த போர் அது. பெயர்ப் பிழை, ஆண்டுப் பிழையெல்லாம் எழுத எழுதச் சரியாகிவிடும். ஒரு காலத்தில் நான் இடறி விழுந்த குழிகளிலேயே இவர்களும் விழுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

“மதமெல்லாம் வெறும் சாக்கு”

கொஞ்சம் படித்தவர்கள் செய்யும் தவறு இது. கத்தோலிக்க பிரான்சின் முதன்மை அமைச்சர் கார்டினல் ரிஷெலியு 1631-இல் பெர்வால்டே ஒப்பந்தம் போட்டு, கத்தோலிக்கப் பேரரசரை எதிர்த்துப் போரிட்ட லூத்தரன் (புராட்டஸ்டண்டுகளில் ஒரு பிரிவு) சுவீடனுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் தாலர் என்னும் ஜெர்மன் வெள்ளிக்காசு தர ஒப்புக்கொண்டார். இதைப் படித்ததும், மதம் வெறும் சாக்கு, அதிகாரப் போட்டிதான் காரணம் என்று எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான்கு மாதம் உழைத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதி, ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். “சரி, 1629-க்கு என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. முழுவதையும் கிழித்துப் போட்டு மறுபடி எழுதினேன்.

1629 மார்ச்சில் ஜெர்மன் நிலங்களை உள்ளடக்கிய புனித ரோமப் பேரரசின் கத்தோலிக்கப் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் ஓர் ஆணை போட்டார். 1552-க்குப் பிறகு புராட்டஸ்டண்டுகள் கையகப்படுத்திய திருச்சபைச் சொத்துகளைத் திருப்பித் தரவேண்டும் என்றது அது. அப்போது அவரை எதிர்த்த டென்மார்க் தோற்றிருந்தது. அவருடைய தளபதி வாலன்ஸ்டைனின் படை பால்டிக் கரைவரை நின்றது. ஆட்சி ஒன்றே குறியாக இருந்திருந்தால் ஃபெர்டினாண்ட் சும்மா இருந்திருப்பார். வாலன்ஸ்டைனுக்கே அந்த ஆணை பிடிக்கவில்லை. பேரரசரிடம் பாவசங்கீர்த்தனம் கேட்கும் இயேசு சபைக் குரு லாமொர்மெய்னி வற்புறுத்தினார். கடவுள் தந்த வெற்றிக்குச் செய்யவேண்டிய கடமை இது என்றே பேரரசரும் நம்பினார். விளைவு? 1620-இல் அவர் பக்கம் நின்று போரிட்ட லூத்தரன் ஜெர்மன் நாடான சாக்சனி, 1631 செப்டம்பரில் பிரைட்டன்ஃபெல்டில் சுவீடன் படையோடு சேர்ந்து நின்றது.

ரிஷெலியுவையும் முழுதாகப் படியுங்கள். கத்தோலிக்க வழிபாடு ஏற்கெனவே இருக்கும் இடங்களில் சுவீடன் அதைத் தடுக்கக்கூடாது என்ற நிபந்தனையும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. மதம் வெறும் சாக்கு என்றால் அந்த வரி எதற்கு? தன் ஆன்மா போய்விடுமோ என்று அஞ்சிய மனிதர்களை, நமக்கு அந்த அச்சம் இல்லை என்பதற்காக நடிகர்களாக்கிவிடுகிறோம். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு இதில்தான் கோபம் வருகிறது.

“புராட்டஸ்டண்டுகள்” என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது

பேரரசில் மதச் சண்டையை நிறுத்திய 1555 ஆக்ஸ்பர்க் சமாதானம், புராட்டஸ்டண்டுகளில் லூத்தரன்களுக்கு மட்டுமே இடம் கொடுத்தது. இன்னொரு புராட்டஸ்டண்ட் பிரிவான கால்வினியர்களுக்கு 1648 வரை சட்டப் பாதுகாப்பு இல்லை. 1643-இல் சுவீடன் தாக்கிய டென்மார்க்கும் லூத்தரன் நாடுதான்.

நாள்காட்டி

லூட்சன் போர் நடந்தது 1632 நவம்பர் 6 என்றாலும் சரி, 16 என்றாலும் சரி. பழைய (ஜூலியன்) நாள்காட்டிக் கணக்கா, பத்து நாள் முன்னே இருக்கும் புதிய (கிரெகோரியன்) கணக்கா என்று சொல்லிவிடுங்கள்.

“ஜெர்மனியில் பாதிப்பேர் செத்தார்கள்”

எந்தப் பகுதியில்? பொமரேனியா பாழானது, கோட்டை மதில் கட்டிய ஹாம்பர்க் பிழைத்துக்கொண்டது. அப்புறம், வாளால் செத்தவர்களைவிடக் கொள்ளைநோயிலும் பசியிலும் செத்தவர்களே அதிகம்.