ஸ்பெயினில் மாமியாரோடும் பிள்ளைகளோடும் வெளியூர் கிளம்புவது எப்படி?

நாங்கள் இருப்பது சரகோசாவில். ஆவே அதிவேக ரயிலில் ஏறினால் மாட்ரிட்டோ பார்சிலோனாவோ ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதனால் ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றுவது எங்கள் வீட்டிலிருந்துதான். முட்டைகூடத் தொடாத மாமியாரையும், பசி வந்தால் நடுரோட்டில் உட்கார்ந்துகொள்ளும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கே போவது என்று யோசிக்கும் முன் காலண்டரையும் கடிகாரத்தையும் பாருங்கள். இந்த நாட்டில் பாதிச் சிக்கல் அங்கேதான்.

டிசம்பர் 6 அரசியலமைப்பு நாள், 8 மாதா திருநாள். நடுவில் மாட்டும் வேலைநாளுக்கும் லீவு போட்டுவிட்டு நாடே கிளம்பிவிடும். இப்படி நீளும் விடுமுறையைப் 'புவெந்தே' என்பார்கள். அந்த நாட்களில் ரயில் டிக்கெட்டும் அறை வாடகையும் எகிறும். இது தவிர ஊருக்கு ஊர் தனி உள்ளூர் விடுமுறைகள் உண்டு. போகிற ஊரின் நகராட்சித் தளத்தில் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் பெரியவர்களைத் தெற்கே செவியா, கோர்தோபா பக்கம் அழைத்துப் போக வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும். “சென்னையில் பார்க்காத வெயிலா?” என்பார் என் கணவர். சென்னையில் யாரும் மத்தியான வெயிலில் கல் பாவிய தெருவில் மணிக்கணக்காக நடப்பதில்லையே! அந்த மாதங்களில் வடக்கே அஸ்தூரியாஸ், கலீசியா போகலாம். கடலும் பச்சையுமாக இருக்கும், ராத்திரி போர்வைகூடத் தேவைப்படும்.

அப்புறம் காகிதங்கள். உள்நாட்டுப் பயணமானாலும் பாஸ்போர்ட்டும், இங்கே வசிக்கும் வெளிநாட்டவருக்குத் தரும் டி.ஐ.இ. அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். தங்குகிறவர்களின் விவரத்தை ஹோட்டல்கள் பதிவு செய்தே ஆக வேண்டும். அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கும் சமயத்தில் இந்தியா போக வேண்டியிருந்தால் 'அவுத்தோரிஸாசியோன் தெ ரெக்ரெஸோ' என்ற திரும்பி வரும் அனுமதியை முதலில் வாங்குங்கள். அது அதிகபட்சம் 90 நாள்தான் செல்லும். கிரானாடாவின் அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனைக்குப் போவதாக இருந்தால் ஒவ்வொருவர் பெயரிலும் அடையாள எண்ணோடும் சீட்டு வேண்டும், 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இலவசம் என்றாலும் சீட்டு வேண்டும். உள்ளே இருக்கும் நஸ்ரித் அரண்மனைக்குச் சீட்டில் போட்டிருக்கும் நேரம்தான், தவறினால் போனதுதான். சீசனில் பல வாரம் முன்பே தீர்ந்துவிடும்.

சரி, சாப்பாடு. பெரும்பாலான உணவகங்களில் மதியச் சமையல் ஒன்றரைக்குத் தொடங்கி நாலு மணியோடு முடியும். ராத்திரிக்கு எட்டரைக்கு முன் அடுப்புப் பற்றாது. ஏழு மணிக்கு இட்லி சாப்பிட்டுப் பழகிய குடும்பம் இதோடு சண்டை போடக் கூடாது. வார நாட்களில் பெரிய சாப்பாட்டை இரண்டு மணிக்கு 'மெனூ தெல் தீயா' என்கிற ஒரே விலை மதியச் சாப்பாட்டில் முடித்துவிடுங்கள். இரண்டு பதார்த்தம், ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்போ காபியோ. இந்த நாட்டில் வயிறும் பர்ஸும் ஒருசேர நிறைவது இதில் மட்டும்தான் என்பது என் கட்சி. ஆறு மணிக்குப் பிள்ளைகளுக்குப் பாலும் ரொட்டியும். இங்குள்ள பிள்ளைகளும் அந்த நேரத்தில் அதைத்தான் தின்கிறார்கள். ராத்திரிக்கு அறையிலேயே ஏதாவது லேசாக.

சைவர்கள் 'வெஹெதாரியானோ' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சாலட்டின் மேல் சூரை மீன் வந்து உட்காரும், பீன்ஸுக்குள் பன்றித் துணுக்கு ஒளிந்திருக்கும். “சின் கார்னே, சின் ஹாமோன், சின் அதூன்” (இறைச்சி வேண்டாம், உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை வேண்டாம், சூரை மீன் வேண்டாம்) என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பருப்புக் குழம்பைப் பார்த்து அத்தை ஆசைப்பட்டால் தடுத்துவிடுங்கள். லென்தேஹாஸ் என்கிற அந்தக் குழம்பில் பெரும்பாலும் சொரீஸோ என்ற பன்றி இறைச்சித் தொத்திறைச்சி வெந்திருக்கும். சல்மொரேஹோ தக்காளிக் கூழ்தான், ஆனால் மேலே முட்டையும் ஹாமோனும் தூவித் தருவார்கள். தைரியமாகக் கேட்கக்கூடியவை தக்காளி தேய்த்த ரொட்டி, வறுத்த பத்ரோன் மிளகாய், குளிர்ந்த தக்காளி சூப்பான கஸ்பாச்சோ. செவியாவில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் செய்யும் எஸ்பினாகாஸ் கோன் கர்பான்ஸோஸ் சீரக வாசனையோடு வரும். அத்தை இரண்டாவது தட்டு கேட்ட ஒரே ஸ்பானிஷ் பண்டம் அதுதான்.

சமையலறை உள்ள அபார்ட்மெண்டாகப் பிடித்தால் பாதிக் கவலை விட்டது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசியும் பாலும் வாங்கி வையுங்கள். தயிர் எடுக்கும்போது டப்பாவில் 'நத்தூரால்' என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே அதே நிறத்தில் 'அஸூகராடோ' என்று ஒன்று இருக்கும். அதில் சர்க்கரை போட்டிருப்பார்கள், தயிர்சாதத்துக்கு ஆகாது.